நாற்பத்திரண்டு

ஜூலை 4

இருமல் வரக்கூடாது, இன்றைக்கு அது ஒன்றுதான் வேண்டுதல். இருமினால் தையல் பிரிந்துவிடும் போலிருக்கிறது. தலையணையை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார் நர்ஸ், அது கொஞ்சம் பரவாயில்லை. பார்க்க வந்த அத்தை, "உனக்கென்னம்மா, வலியே இல்லாம எடுத்துட்டாங்க" என்றார். தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். சிரித்தாலும் வலிக்கிறது.

ஆபரேஷன்தானே, உதிரப்போக்கு இருக்காது என்று நானாக நினைத்திருந்தேன். கொட்டுகிறது. "குழந்தை எந்த வழியா வந்தா என்ன, நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளே புண்தானே" என்றார் நர்ஸ். 4 வாரம், 6 வாரம்கூடப் போகுமாம்.

ஜூலை 5

அழுதேன். காரணம் இல்லை.

ஜூலை 6

பால் இறங்கிவிட்டது, மார்பு கல். அவன் வாய் வைத்ததுமே அடிவயிற்றை முறுக்குகிறது, கர்ப்பப்பை சுருங்குகிறதாம். அழுதேன், ஆனால் அந்த வலிக்காக இல்லை.

ஜூலை 9

கண்ணாடியில் அப்படியே ஆறு மாத வயிறு. பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே போய்விடும் என்கிறாள் அக்கா. பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை மட்டுமே கிட்டத்தட்ட 1 கிலோ இருக்குமாம், ஆறு வாரத்தில் தானாகவே 100 கிராமுக்குக் கீழே வந்துவிடுமாம், அதற்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. நடக்கும்போது தையலுக்குப் பிடிமானமாக இருக்கிறதே என்று கட்டியிருக்கிறேன். அக்காவுக்கு வெற்றி.

அவனுக்கு இடது காது மடல் மட்டும் மடங்கியிருக்கிறது. உள்ளே அந்தப் பக்கமாகவே படுத்திருப்பான் போல.

ஜூலை 13

நேற்றுவரை பழுப்பாக இருந்தது, இன்று மறுபடி சிவப்பு. துணி நிறைந்த வாளியைத் தூக்கினேன், அவ்வளவுதான். போன் செய்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுசாக நனைந்தாலோ, பெரிய கட்டியாக வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே கிளம்பி வா, இல்லையென்றால் படு என்றார்கள். படுத்தேன். படுக்கச் சொல்ல ஒரு சிவப்புக் கொடி வேண்டியிருக்கிறது.

ஜூலை 16

14 நாள். இந்த அழுகை இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, இன்றோடு முடிகிறது.

ஜூலை 17

அழுதேன்.

ஜூலை 21

குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

ஜூலை 25

முகத்தைப் பார்த்ததும் பாசம் பொங்கும், பட்ட வலியெல்லாம் மறந்துபோகும் என்று சொல்லாதவர்கள் இல்லை, நானும் 23 நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நேரத்துக்குப் பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுகிறேன், குறை சொல்ல முடியாத வேலைக்காரி மாதிரி, ஆனால் பொங்கவில்லை. அந்தக் காதை மட்டும் அடிக்கடி நீவி விடுகிறேன். அது பாசத்தில் சேருமா?

"பச்சை உடம்பு, 42 நாள்ல சரியாயிடும்" என்கிறார் அம்மா. இன்னும் 19.

ஆகஸ்ட் 2

தும்மினேன், நனைந்துவிட்டது. ஆபரேஷனில் பெற்றவர்களுக்கு இது வராது என்று யார் சொன்னார்களோ. இத்தனை மாதம் அவன் கனத்தைத் தாங்கியதும் அதே தசைதானே. தையலுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டால் உணர்ச்சியே இல்லை, யாரோ ஒருத்தியின் வயிற்றைத் தொடுவது போல.

இன்னும் 11.

ஆகஸ்ட் 13

டாக்டர் தையலைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், எல்லாம் நார்மல் என்றார், மொத்தம் ஐந்து நிமிடம். மரத்துப்போன இடத்தைப் பற்றிக் கேட்டேன். நரம்பு அறுபட்டிருக்கிறது, மாதக்கணக்காகலாம், கொஞ்சம் அப்படியே நின்றும் போகலாம். தும்மலைக் கேட்டேன். பயிற்சி இருக்கிறதாம், "பிள்ளை பெத்தா அப்படித்தான்னு விட்டுடாதீங்க" என்றார். பால் கொடுத்தால் கரு நிற்காது என்று நம்பி இருக்க வேண்டாம், பீரியட்ஸ் வருவதற்கு முன்பே முட்டை வந்துவிடும் என்றும் சொன்னார். யாருக்கு அந்த நினைப்பு.

எழுந்து கதவுவரை போய்விட்டேன். திரும்பி வந்து, அழுகை நிற்கவில்லை என்றேன். 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்பதாவது அழுகையைப் பற்றித்தான். கடந்த ஏழு நாளில் எப்படி என்று கேட்கிறார்கள், நான் நாற்பது நாள் கணக்கு வைத்திருக்கிறேன். தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, 42 நாள் ஆகட்டும்னா காத்திருந்தீங்க?" என்றார். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அதற்குப் பேர் வேறாம், வைத்தியமும் வேறாம். மாத்திரை என்றதும் பாலை நிறுத்த வேண்டுமே என்று பதறினேன். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன என்றார். முதலில் ஒருவரிடம் பேசச் சொல்லியிருக்கிறார். செவ்வாய், பத்தரை மணி.

வீட்டில் அம்மா, "எல்லாம் சரியாயிடுச்சுன்னாங்களா?"

தையல் சரியாகிவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 14

43. இந்த எண்ணை யாரும் சொல்லவே இல்லை.

அவன் காது நேராகியிருக்கிறது. எந்த நாளில் என்று கவனிக்கவில்லை, தினம் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

ராத்திரி இரண்டு மணி முறையை இன்று இவர் பார்த்துக்கொள்கிறாராம். பார்ப்போம்.