ஒரு படி தள்ளி நிற்கும் ம

பிப்ரவரி 8

ஸ்தாயியை 31 சம பங்காகப் பிரித்து கீபோர்டில் ஏற்றியாகிவிட்டது. ஒரு படி 38.7 சென்ட் (ஸ்தாயி முழுவதும் 1200 சென்ட்). 12 கீ அமைப்பின் அரை ஸ்வரம் 100 சென்ட் என்பதால், இரண்டு கீக்கு நடுவே இப்போது நிறைய இடம். ஸ்வரங்களை ச ரி க ம என்றே எழுதப் போகிறேன், எனக்கு யோசனை அதில்தான் ஓடும். மேஜர் ஸ்கேலுக்கான படிகள்: ச 0, ரி 5, க 10, ம 13, ப 18, த 23, நி 28.

ச-க-ப மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் கார்ட், அதாவது அந்த ஸ்வரக் கூட்டு, அப்படியே அடங்கி நின்றது. இங்கே க 387.1 சென்டில் இருக்கிறது, 5:4 அதிர்வெண் விகிதம் தருவது 386.3. 12 கீயில் க 400-ல் இருப்பதால் வரும் அந்த மெல்லிய அதிர்வு காணோம். ப மட்டும் 696.8, சுத்தமான 702-ஐவிடக் கொஞ்சம் கீழே. பரவாயில்லை.

ஜெர்மன் இசைக் கோட்பாட்டாளர் ரீமான் 1893-ல் எல்லா கார்டுகளையும் டானிக், சப்டாமினன்ட், டாமினன்ட் என மூன்று வேலைகளுக்குள் கொண்டுவந்தார். வீட்டில் இருப்பது, வீட்டை விட்டுக் கிளம்புவது, வீட்டுக்குத் திரும்பத் துடிப்பது. ஸ்வரங்கள் இப்படிப் பெருகும்போது அந்த வேலைகள் என்ன ஆகின்றன? அதைக் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

பிப்ரவரி 10

இன்று முழுக்க ஒரே கார்ட்: ப-நி-ரி-ம. ம மேல்ஸ்தாயியில். டாமினன்ட் செவன்த், ச-வுக்குத் திரும்பத் துடிக்கும் கார்ட்.

இதில் ப-விலிருந்து ம வரை 26 படி, 1006 சென்ட். முதலில் அப்படியே வாசித்தேன். ம உரசியது, க-வுக்கு இறங்கத் தவித்தது. எதிர்பார்த்ததுதான். அடுத்து ம-வை ஒரே ஒரு படி இறக்கினேன். 25 படி, 967.7 சென்ட். 7:4 விகிதம் 968.8, கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நான்கு ஸ்வரமும் 4:5:6:7 ஆகி ஒரே குரல் போல ஒலித்தது. உரசல் போயிற்று, கூடவே தவிப்பும் போயிற்று! கார்ட் எங்கும் போகக் கேட்கவில்லை.

மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். 38.7 சென்ட் வித்தியாசத்தில் ஒரு ஸ்வரம் வேலையையே விட்டுவிடுகிறது.

பிப்ரவரி 11

ச-க-ப மேலே அதே 25 படி வைத்துப் பாட்டை முடித்துப் பார்த்தேன். நிம்மதியாக முடிந்தது. 12 கீயில் இந்த இடத்தில் செவன்த் வைத்தால் பெரும்பாலும் 'இன்னும் இருக்கிறது' என்றுதான் கேட்கும். ஆக, உரசல்தான் இழுக்கிறது, உரசல் போனால் கார்ட் நின்றுவிடும். இப்படி எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

பிப்ரவரி 14

அது தவறு. இரண்டு நாளாக இதில்தான் இருக்கிறேன்.

ஜெர்மன் சிக்ஸ்த் என்று ஒரு பழைய கார்ட். கீழிருந்து: சுத்த தைவதம் (சற்றுத் தாழ்ந்த த), ச, சாதாரண காந்தாரம் (சற்றுத் தாழ்ந்த க), பிரதி மத்யமம் (சற்று உயர்ந்த ம). 12 கீயில் இதை அழுத்தினால் ஒரு டாமினன்ட் செவன்த்துக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது, அதே நான்கு கீதான். காகிதத்தில் எழுதும் பெயர் மட்டும் மாறும். 31-ல் அப்படி இல்லை. தைவதம் 21-ஆவது படி, பிரதி மத்யமம் மேல்ஸ்தாயியின் 15-ஆவது படி. இடைவெளி 25. அதாவது, போன வாரம் நான் 'நிற்கும் கார்ட்' என்று எழுதிய அதே 4:5:6:7!

வாசித்தேன். துளி உரசல் இல்லை. ஆனாலும் நிற்கவில்லை. தைவதம் மூன்று படி இறங்கி ப-வுக்கும், பிரதி மத்யமம் மூன்று படி ஏறி அதே ப-வுக்கும் போகத் தயாராக நின்றன. மேல் ஸ்வரத்தை 16-ஆவது படிக்கு ஏற்றினால் திசையே திரும்பிவிடுகிறது, இப்போது அது இறங்கி ம-வுக்குப் போகிறது. பெயர் மட்டும் வேறு என்று நினைத்திருந்த இரண்டுக்கும் இங்கே தனித்தனிக் கீ.

அப்படியென்றால் இழுப்பு உரசலில் மட்டும் இல்லை. ச எங்கே என்று காது ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறது. அந்த ச-விலிருந்து கார்ட் எவ்வளவு விலகியிருக்கிறது, அதன் ஸ்வரங்கள் எந்த நிலையான ஸ்வரத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன என்பதும் சேர்ந்துதான் வேலையை முடிவு செய்கிறது. ச-வின் மேல் அமைந்தால் வீடு, தைவதத்தின் மேல் அமைந்தால் பயணம். விகிதம் ஒன்றேதான்.

11-ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை. உரசல் இழுக்கும் என்பது உண்மைதான், அது பாதி மட்டுமே.

பிப்ரவரி 17

நி பற்றி. 31-ல் நி-யிலிருந்து ச-வுக்கு 116 சென்ட். 12 கீயில் பழகிய காதுக்கு இது தூரம், நி சோம்பலாக ஏறுவது போல இருக்கிறது. ஒரு படி உயர்த்தினால் தூரம் 77 ஆகிறது, மெட்டில் அருமையாகப் பாய்கிறது. ஆனால் ப-நி-ரி கார்டில் ப-நி இடைவெளி 426 சென்ட் ஆகிக் கரகரக்கிறது. மெட்டுக்கு நல்ல நி ஒன்று, கார்டுக்கு நல்ல நி இன்னொன்று. கார்ட் ஒலிக்கும்போது 28, அது அடங்கும் கடைசி நொடியில் மேல் குரல் மட்டும் 29-க்கு ஏறி ச-வைத் தொடட்டும். இப்படி வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு கிடைத்தது.

பிப்ரவரி 21

31-ஐ விட்டு 53-க்கு மாறினேன், ஒரு படி 22.6 சென்ட். காரணம் ரி.

ச-க-ப, த-ச-க, ரி-ம-த, ப-நி-ரி, மறுபடி ச-க-ப. லட்சம் பாட்டில் வரும் வரிசை. பொது ஸ்வரங்களை நகர்த்தாமல் சுத்த விகிதத்தில் வாசித்தால், த-வோடு ஒட்டி நிற்கும் ரி 10:9 ஆக வரும். ப-வோடு ஒட்ட வேண்டிய ரி 9:8. இரண்டுக்கும் நடுவே 81:80, அதாவது 21.5 சென்ட். முதல் ரி-யைப் பிடித்துக்கொண்டே போனால் ப இறங்குகிறது, அதன் பின்னால் ச-வும் இறங்குகிறது. இத்தாலியக் கணித அறிஞர் பெனடெட்டி இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய கடிதங்கள் 1585-லேயே அச்சாகிவிட்டன.

53-ல் நான்கு சுற்று வாசித்தேன். ச 90 சென்ட் கீழே போயிருந்தது, கிட்டத்தட்ட ஒரு அரை ஸ்வரம். எந்த ஒரு இடத்திலும் தவறு கேட்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 12-லும் 31-லும் இந்த இரண்டு ரி-யும் ஒரே கீயில் ஒளிந்திருக்கின்றன. சப்டாமினன்ட் பக்கம் நிற்கும் ரி-யும் டாமினன்ட் பக்கம் நிற்கும் ரி-யும் வேறு வேறு ஆட்கள் என்று அங்கே தெரிய வழியே இல்லை.

பிப்ரவரி 22

ச நழுவாமல் இருக்க ஒரே வழி, நடுவில் ரி-யை எட்டாவது படியிலிருந்து ஒன்பதாவதுக்கு நகர்த்துவது. முதலில் அதை உள்குரலில் மறைத்து வைத்தேன், சுருதி பிசகியது போலக் கேட்டது. அப்புறம் மேல்குரலுக்குக் கொண்டுவந்து, இரண்டு ரி-யையும் நீட்டி, நடுவில் மூச்சு விடாமல் பாட வைத்தேன். இப்போது அந்த ஒரு படி ஏற்றம் காதில் விழும்போதே டாமினன்ட் வருவது தெரிகிறது, கீழே கார்ட் மாறுவதற்கு முன்பே.

நாளைக்கு அந்த நான்கு கார்டையும் இதே மாதிரி ம-விலிருந்து தொடங்கி எழுதிப் பார்க்க வேண்டும்.