லாக்ஹார்ட் சதுக்கத்தில் ஒரு நடை

டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாக்ஹார்ட் என்னும் சிற்றூரின் பழைய சதுக்கத்தை நடந்தே சுற்றிப் பார்த்தேன். அதன் நடுவே 1894-இல் கட்டி முடிக்கப்பட்ட கால்டுவெல் மாவட்ட நீதிமன்றம், வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்களும் செந்நிற மணற்கல் விளிம்புகளும் மணிக்கூண்டுமாக நிற்கிறது.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது, சற்றுத் தள்ளியிருக்கும் டாக்டர் யூஜின் கிளார்க் நூலகத்தில்தான். இவ்வூரில் முன்பு மருத்துவராக இருந்த கிளார்க் தம் உயிலில் எழுதிவைத்த 10,000 டாலரைக் கொண்டு 1899-இல் எழுப்பப்பட்ட அச்செங்கல் கட்டடம், இத்தாலியின் வில்லா ரொட்டோண்டா என்னும் பழைய மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டது. மாநிலத்தில் இடையறாது இயங்கிவரும் பொது நூலகங்களுள் மிகப் பழமையானது என்ற பெருமையும் அதற்கு உண்டு. தாம் முன்பு பணியாற்றிய ஊரின் வாசகர்களை அவர் நினைத்துப் பார்த்தாரே என்று எண்ணி நெகிழ்ந்தேன். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை உள்ளே சென்று பார்க்காமல் யாரும் திரும்பிவிட வேண்டாம்.

டெக்சாஸின் பார்பிக்யூ (விறகுத் தீயிலும் புகையிலும் வாட்டிய இறைச்சி) தலைநகரம் என மாநிலச் சட்டமன்றமே அறிவித்த ஊர் இது. ஆகவே சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் விறகுப் புகையின் மணமும் உடன் வரும். கோடையில் செல்வோர் வெயில் ஏறுமுன் காலையிலேயே நடையைத் தொடங்குவது நல்லது.