ஸ்கின் புடைக்கிறது வேற, பேனல் போறது வேற

மூணு நாளா சால்வர் (கணக்கு போடுற சாஃப்ட்வேர்) பாதியிலயே நின்னு நின்னு போகுது, கன்வெர்ஜ் ஆகவே மாட்டேங்குது, அதாவது விடை ஒரு இடத்துல வந்து நிக்கவே மாட்டேங்குது, அந்தக் கடுப்புல எழுதுற போஸ்ட் இது.

நம்ம பொழப்பு விமானத்தோட பாடி, இறக்கை எல்லாம் எவ்வளவு லோடு தாங்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது. இப்ப கையில இருக்கிறது ஒரு கார்பன் ஃபைபர் பேனல். மெல்லிசா ஒரு ஸ்கின், அது முதுகுல ஸ்ட்ரிங்கர்னு நீளநீளமா பட்டைங்க ஒட்டியிருக்கும். ரெண்டு முனையிலயும் வச்சு அமுக்கினா ஸ்ட்ரிங்கருக்கு நடுவுல இருக்கிற ஸ்கின் அலை அலையா புடைச்சுக்கும், அதான் பக்லிங். முதல் தடவை பார்க்கிறவங்க ஐயோ போச்சுன்னு பதறுவாங்க, ஆனா ஒண்ணும் போகலை, ஸ்கின் கைவிட்ட லோடை ஸ்ட்ரிங்கர் வாங்கிக்கும், அமுக்குறதை விட்டா பழையபடி நேராயிடும். அலுமினிய விமானத்துல இப்படி புடைக்க விட்டே டிசைன் பண்றது ரொம்ப காலமா நடக்கிற விஷயம்.

இந்த முதல் பக்லிங் எந்த லோடுல வரும்னு சொல்றது பெரிய வித்தை இல்ல. ஈகன்வேல்யூ ரன்னு, எந்த லோடுல புடைக்கும்னு நேரா சொல்ற சுலபமான கணக்கு ஒண்ணு போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா நம்பர் ரெடியா இருக்கும். (முழு சிலிண்டரா இருந்தா மட்டும் அந்த நம்பரை அப்படியே நம்பிடாதீங்க, செய்யும்போது விழுந்த சின்ன நெளிவே பாதி பலத்தை தின்னுடும், அதுக்குன்னே கணக்கை வெட்டிக் குறைக்கச் சொல்லி நாசா 1968ல ஒரு கையேடே போட்டிருக்கு.)

தலைவலி எல்லாம் அதுக்கப்புறம்தான். லோடு ஏற ஏற அலை ஆழமாகும், திடீர்னு மூணு அலை இருந்த இடத்துல நாலா மாறும், டெஸ்ட் ரூம்ல டொக்குன்னு சத்தம் கேக்கும். அதே நேரம் ஸ்கின் வெளிய புடைக்கப் பார்க்குது, ஸ்ட்ரிங்கர் விடமாட்டேங்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஒட்டை பிய்க்கிற மாதிரி ஒரு இழுப்பு. கார்பன் ஃபைபர் நார் போற திசையில முரட்டு பலம், ஆனா ஒரு லேயருக்கும் அடுத்த லேயருக்கும் நடுவுல வெறும் ரெசின்தானே, நாரை ஒட்டிவைக்கிற பசை. அலுமினியம்னா நசுங்கி வளைஞ்சு நமக்கு ஒரு எச்சரிக்கை கொடுக்கும், இது அந்த மரியாதை எல்லாம் பார்க்காது. ஒட்டு ஒரு ஓரத்துல விட்டுச்சுன்னா ஸ்ட்ரிங்கருக்கு பிடிமானம் போச்சு, அது சாஞ்சா மொத்த பேனலும் க்ளோஸ்.

வேலைக்கு சேர்ந்த புதுசுல நான் போட்ட மாடல்ல ஸ்கின்னும் ஸ்ட்ரிங்கரும் பிரியவே பிரியாத மாதிரி கட்டிவச்சிருந்தேன். முதல் பக்லிங் டெஸ்ட்டோட அழகா ஒத்துப்போச்சு, நான் காலரை தூக்கிவிட்டுக்கிட்டு நின்னேன். ஆனா டெஸ்ட்ல நான் சொன்ன லோடு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பேனல் படார்னு போயிடுச்சு. சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "ஒட்டு பிரியாதுன்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

பெரிய ஆளுங்களுக்கும் இது நடந்திருக்கு, அதான் ஒரு ஆறுதல். 2009 மே மாசம் போயிங் 787 இறக்கையை அமெரிக்காவுல எவரெட்ல இருக்கிற அவங்க தொழிற்சாலையில லோடு வச்சு வளைச்சப்போ, இறக்கை பாடியோட சேர்ற இடத்துல மேல்பக்க ஸ்ட்ரிங்கர் முனைங்கள்ல லேயர் பிரிஞ்சிருச்சு. பக்கத்துக்கு 17ன்னு மொத்தம் 34 இடத்தை பலப்படுத்த வேண்டியதாச்சு, ஜூன்ல பறக்கவேண்டிய விமானம் டிசம்பர் 15 அன்னிக்குதான் பறந்துச்சு. அது நேரடியா பக்லிங் கேஸ் இல்லதான், ஆனா நோய் ஒண்ணுதான்.

இந்த பயத்துல என்ன ஆகுதுன்னா, எல்லாரும் பேனலை தடியா போட்டுடறாங்க, அப்புறம் எதுக்குங்க கார்பன் ஃபைபர், எடை குறையணும்னுதானே வந்தோம்? சர்வீஸ்ல வரக்கூடிய அதிகபட்ச லோடு லிமிட் லோடு, அதுல ஒன்றரை மடங்கு அல்டிமேட், அதை 3 செகண்டாவது உடையாம தாங்கணும். 2004ல ஐரோப்பாவுல கோகோமேட்னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க, ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்ல இருக்கிற டிஎல்ஆர்ங்கிற விமான, விண்வெளி ஆராய்ச்சி மையத்தோட தலைமையில 15 பார்ட்னருங்க, நாலு வருஷ வேலை. அவங்க எண்ணம் எனக்கு ரொம்ப பிடிக்கும்: லிமிட் லோடுக்கு கீழயே ஸ்கின் புடைக்கட்டும், லிமிட் தாண்டின பிறகு ஒட்டு லேசா விட ஆரம்பிச்சாலும் பரவாயில்ல, மொத்தமா போறது மட்டும் அல்டிமேட்டுக்கு முன்னாடி நடக்கக்கூடாது. ஆனா அப்படி துணிஞ்சு டிசைன் பண்ணணும்னா ஒட்டு எங்க விடும், எவ்வளவு தூரம் பரவும்னு கணக்குல முன்கூட்டியே தெரியணும், அதுக்காகவே பேனல் பேனலா செஞ்சு, சிலதுல வேணும்னே ஒட்டு விட்டமாதிரி வச்சு, அமுக்கி உடைச்சுப் பார்த்தாங்க.

நானும் இப்ப ஒட்டுற இடம் பூரா பிரியக்கூடிய எலிமென்ட் (மாடலை வெட்டிப்போடுற சின்னச்சின்ன துண்டு) வச்சிருக்கேன், அதுக்கு மெஷ், அதாவது அந்த துண்டுங்களோட வலை, பொடிப்பொடியா வேணும், அதான் மூணு நாள். ரன் சரியா அலை மாறுற இடத்துல செத்துப்போகுது. டேம்பிங்கை, அதாவது திடீர் அசைவை அடக்க கணக்குல நாமளா சேர்க்கிற செயற்கைத் தடையை, ஏத்தினா தாண்டிடும், ஆனா ரொம்ப ஏத்தினா அந்த டேம்பிங்கே லோடை தாங்கிக்கிட்டு பேனல் தாங்குதுன்னு நம்மகிட்ட பொய் சொல்லும். இன்னைக்கு நைட்டு கொஞ்சூண்டு மட்டும் ஏத்திவிட்டு தூங்கப்போறேன்.