தலைப்பாவின் தாடை

ஜூலை 2
என் பச்சோந்தி தலைப்பாவின் இடது தாடைக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு வீக்கம். நேற்று இருந்ததா? எடை 141 கிராம்.

ஜூலை 3
மிளகு இல்லை, துவரம்பருப்பு.

ஜூலை 6
பினாங்குப் பாலம் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் போய்வந்தோம். கூடைமேல் அம்மாவின் பழைய சேலை. வழியெல்லாம் தலைப்பா கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். டாக்டர் கைவைத்ததும் வாயைப் பிளந்து சீறினான். "தெம்பு இருக்கு, நல்லது" என்றார். ஊசியில் உறிஞ்சிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. சீழ்க்கட்டியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இந்த ஜாதிக்குச் சீழ் நம்மைப் போல ஒழுகாதாம், சீஸ் மாதிரி இறுகிவிடுமாம். கீறிவிட்டால் வடியாது, உறையோடு வெட்டித்தான் எடுக்க வேண்டும். 900 மலேசிய வெள்ளி. பணம் ஒரு காரணமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஜூலை 7
அம்மா: "என் முதுகுல இருபது வருஷமா ஒரு கழலை இருக்கு. நான் வெட்டுனேனா?"

ஜூலை 9
தூக்கமில்லை. மயக்க மருந்துதான் பயம். வாயுவைக் காட்டினால் மூச்சை அடக்கிக்கொள்ளுமாம். தெளிய மணிக்கணக்கில் ஆகலாம். புண் ஆறுவதும் மெதுவாகத்தான், தையலை ஆறு வாரம்கூட விட்டுவைப்பார்களாம். இவனுக்கு ஐந்து வயது. ஏமன் பச்சோந்தியில் ஆண் எட்டு வருஷம் இருந்தாலே பெரிது. இருக்கிற நாளில் ஒன்றரை மாதத்தைத் தையலுக்குக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் எலும்புக்குள் இறங்கலாம். அதை ஏன் நாங்கள் கூடையை மூடிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்?

வெளிறிய பச்சையில், வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்குகிறான். டார்ச் அடித்துப் பார்த்தேன். விழித்துவிட்டான். என் தப்பு.

ஜூலை 10
138.

ஜூலை 11
தம்பி ஜொகூரிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, அது ஒரு ஓணான்." வைத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு வந்தவனே அவன்தான்.

ஜூலை 13
நாக்கு இன்னும் குறி தப்பவில்லை. ஆனால் சில்வண்டை வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளி மெல்கிறான். இரண்டாவதை ஒரு கண்ணால் பார்த்தான், இன்னொரு கண் என்மேல். வேண்டாமாம். எச்சத்தின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, மஞ்சளாகவில்லை. அப்படியென்றால் தண்ணீர் உடம்பில் சேருகிறது. கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், செம்பருத்தி இலையில் தெளிக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக நக்குவான். அரைமணி நேரம் தெளித்தேன். வேலைக்கு லேட்.

ஜூலை 14
மழை. கீழ்வீட்டு டுரியான் வாடை மாடிவரை.

ஜூலை 15
பச்சைப்பட்டாணி. 133. டாக்டருக்குப் படம் அனுப்பினேன். "வெள்ளிக்கிழமை காலை 10 மணி?" என்று கேட்டிருக்கிறார். சரி என்று எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.

ஜூலை 16
அனுப்பவில்லை. அந்தப் பழைய சேலை துவைத்துக் கொடியில் தொங்குகிறது. நான் துவைக்கவில்லை.

இரவு, அம்மா: "வெட்டுறதா இருந்தா வெள்ளிக்கிழமை வேணாம்மா. சனிக்கிழமை கேளு." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கேட்டேன். சனி இல்லையாம், செவ்வாய்தானாம். செவ்வாயும் ஆகாது என்பார். இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 17
132. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 132.