தம்பியின் போனும் என் ஏழு நடையும்

தம்பி இரண்டே நாளில் பிணையில் வந்துவிட்டான். அவனுடைய போன் வர மூன்று மாதம் ஆனது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் நடந்த அடிதடியில் அவனையும் சேர்த்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் மேல் பிழை என்பது வழக்கில் கிடக்கிறது, அதை விடுவோம். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், சரீரப் பிணைக்கு, அதாவது அவனுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க, இரண்டு பேர், எல்லாம் சரியாக அமைந்தது. பர்ஸ், பெல்ட், சட்டைப் பையில் இருந்த 2,300 ரூபா எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொலிஸிலேயே கொடுத்தார்கள். போன் மட்டும் இல்லை. "அது கோர்ட்டுக்குப் போயிருச்சு" என்றார் மேசையில் இருந்தவர்.

நான் நம்பிவிட்டேன்.

கோர்ட்டில் வழக்குப் பொருட்களைப் பார்க்கும் கிளார்க் கொப்பியைப் புரட்டினார். விரலை மேலிருந்து கீழே ஓட்டி, திரும்பவும் ஒருமுறை ஓட்டினார். "பீ அறிக்கையில போனே இல்லையே தங்கச்சி. பொலிசுல கேளுங்க." பீ அறிக்கை என்றால் வழக்கைப் பற்றிப் பொலிஸ் கோர்ட்டுக்குக் கொடுக்கும் அறிக்கை. பொலிஸுக்குப் போனால், "கோர்ட்ல கேளுங்க." இப்படியே நான்கு நடை. அதில் ஒரு நாள் அலுமாரிச் சாவி வைத்திருந்த சார்ஜன்ட் லீவு, அவர் வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு, பஸ் காசு வேறு. கங்காணியிடம் சொல்ல எனக்குக் காரணமும் தீர்ந்துவிட்டது.

கடைசியில் சட்டத்தரணி ஐயாதான் விஷயத்தை விளக்கினார். பிடிபட்ட ஆளிடம் எடுக்கும் பொருளையும், குற்றத்தோடு தொடர்பு என்று சந்தேகப்படும் பொருளையும் பொலிஸார் உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டுமாம். யாரிடம் கொடுப்பது என்று கட்டளை போடுவது நீதவான்தான். இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 431ஆம் பிரிவு. உரியவர் யார் என்று தெரியாவிட்டால் அறிவித்தல் போட்டு ஆறு மாதம் பார்ப்பார்கள். அதற்குள் யாரும் உரிமையை நிரூபிக்காவிட்டால் பொருள் அரசாங்கத்துக்கு. இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் பீ அறிக்கையின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து வாசித்துக் காட்டினார். தடி இரண்டு, உடைந்த போத்தல் ஒன்று. அவ்வளவுதான். பொலிஸ் கணக்கில் போன் கோர்ட்டில் இருக்கிறது, கோர்ட் கணக்கில் அப்படியொரு போனே கிடையாது. இந்தப் பிரதியை நான் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். வாயால் நூறு முறை கேட்டதற்கு அசையாத பொலிஸார், அந்தத் தாளை நீட்டியதும் அலுமாரியைத் திறந்தார்கள். மஞ்சள் உறைக்குள் இருந்தது. மேலே சிங்களத்தில், கறுப்பு போன் ஒன்று. உண்மையில் அது நீலம், கவர்தான் கறுப்பு.

அப்புறம்தான் அடுத்த சிக்கல். பொலிஸார் மேலதிக அறிக்கையில் போனைச் சேர்த்த பிறகு, அதை விடுவிக்கச் சொல்லி நாங்கள் கோர்ட்டில் மோஷன் (மனு) போட்டால், போன் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேள்வி வந்தது. அது குவைத்திலிருந்து பெரியக்கா கொடுத்துவிட்டது. பில் ஏது? லயத்து வீட்டில் தேடு தேடென்று தேடி, அம்மாவின் ஊசி, நூல், பொத்தான் எல்லாம் கிடந்த பெட்டியைக் கவிழ்த்தேன். போன் வந்த அதே பெட்டி! பக்கத்தில் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், அழியாமல் ஒட்டியிருந்தது.

உங்கள் வீட்டில் பெட்டி இல்லையென்றால் இப்போதே போனில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்து, வரும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போனிலேயே எழுதி வைக்காதீர்கள், அதைத்தான் முதலில் எடுப்பார்கள். யாராவது பிடிபட்டால், எடுத்த பொருளை எல்லாம் பெயர், நிறம், எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எழுதியது சிங்களத்தில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தம்பி வைத்தான்.

ஏழாவது நடையில் நீதவான் போனைப் பிணைமுறியில், அதாவது எழுதி வாங்கிய உறுதிமொழியின் பேரில், விடுவித்தார். கூப்பிட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும், வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றவோ கூடாது. பெட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

பெட்டியை நான் ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மாவின் ஊசி நூல் இப்போது பால்மா டின்னில்.