இடது கால்: முனிர்கா நாட்குறிப்பு

டிசம்பர் 27, 2023, புதன்

மறுபடியும் கால் அளந்தேன். இதைச் சாயங்காலம்தான் செய்ய வேண்டும். காலையில் அளந்தால் இடது கால் பொய் சொல்லும். நாள் முழுக்க நின்று வீங்கிய பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். குதிகாலைச் சுவரோடு ஒட்டி, காலண்டரின் டிசம்பர் தாளைத் திருப்பிப் போட்டு அதன்மேல் நின்றேன். அம்மா குனிந்து பென்சிலால் கோடு போட்டாள். நீளம் இடது 25.3 சென்டிமீட்டர், வலது 25. அகலம் இடது 101 மில்லிமீட்டர், வலது 99.

தாளைப் படமெடுத்து மியூனிக்கில் இருக்கும் சித்தி மகனுக்கு அனுப்பினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் டெல்லியில் ஒரு ராத்திரி தங்குகிறான். ஸ்கீயிலேயே மலை ஏறி இறங்குவதற்கான புது பூட்ஸ் அவன் கையில்தான் வரவேண்டும்.

ஸ்கீ பூட்ஸுக்கான மோண்டோ அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். அவ்வளவு எளிது. இருந்தும் மணாலியில் பழசாக 26.5 வாங்கினேன். கடையில் போட்டபோது சுகமாக இருந்தது. ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே எழும்பியது, இறங்கும்போது கால் ஒரு பக்கமும் ஸ்கீ ஒரு பக்கமும் போயின. கடையில் சுகமாக இருக்கிற பூட்ஸை மலையில் நம்பக்கூடாது.

டிசம்பர் 30, சனி

நான் ஸ்கீக்குப் போக வேண்டிய காஷ்மீரின் குல்மார்க்கில், கேமராவில் புல் தெரிகிறது. பழுப்புப் புல்.

ஜனவரி 2, 2024, செவ்வாய்

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். உடைந்த இடது கணுக்காலில் வைத்த பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் அப்படியே இருக்கின்றன, எலும்பு கூடிவிட்டது. "போகலாம், ஆனால் வெளிக்கணுக்காலில் எதுவும் அழுத்தக்கூடாது" என்றார். ஸ்கீ பூட்ஸ் என்பதே காலை நாலு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பொருள். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 6, சனி

பனிமூட்டம். பால்கனியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியவில்லை. முதுகுப்பையில் எட்டு கிலோ அரிசியை வைத்து மாடிப்படி ஏறி இறங்கினேன். நாலு மாடி, 64 படி, பன்னிரண்டு தடவை. கீழ்வீட்டு மாமி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "முட்டி தேயப்போறது, மெதுவா போம்மா" என்றார்.

ஜனவரி 9, செவ்வாய்

தம்பி இரண்டு பூட்ஸின் படம் அனுப்பியிருக்கிறான். ஒன்று ஒற்றைக்கால் 1,050 கிராம், மற்றது 1,280. ராத்திரி பதினொன்றரை வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பழையது 1,750. 600 மீட்டர் உயரம் ஏற, வளைந்து வளைந்து போகிற தடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அடிக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 5,000 அடி, ஒரு காலுக்கு 2,500. அரை கிலோ குறைந்தால் ஒவ்வொரு காலும் மொத்தத்தில் 1,250 கிலோவைத் தூக்காமல் தப்பிக்கும். அந்தக் கணக்குப்படி இன்னும் லேசானதை எடுக்கத்தான் கை போகிறது. ஆனால் லேசானது இறங்கும்போது கணுக்காலைத் தாங்காது. ஏறுகிறவளுக்கு ஒன்று, இறங்குகிறவளுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. விழுந்தால் இறங்கும்போதுதான் விழுவேன்.

கனமானதையே எடுக்கச் சொன்னேன். அதில் லாஸ்ட், அதாவது பாதத்தின் அகலமான இடத்துக்கு விட்டிருக்கும் இடம், 101 மில்லிமீட்டர். சைஸ் 25.5.

அதன் ஃப்ளெக்ஸ் எண், அதாவது பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பது, 110 என்றான். அந்த எண்ணை நான் நம்புவதில்லை. ஒரு கம்பெனியின் 110 இன்னொரு கம்பெனியின் 100 ஆக இருக்கும், பொது அளவுகோல் கிடையாது.

ஜனவரி 13, சனி

வந்துவிட்டது. தம்பி நள்ளிரவில் வந்தான், டாக்ஸியிலிருந்து இறங்கும்போதே பெட்டியைக் கையில் தூக்கிக் காட்டினான். அம்மா அவனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருக்க, நான் கூடத்தில் உட்கார்ந்து, பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை உறையான லைனரை உருவினேன்.

முதலில் வெறும் ஷெல்லுக்குள், அதாவது வெளியே இருக்கும் கெட்டி ஓட்டுக்குள், காலைவிட்டு, விரல் முன்சுவரைத் தொடும்வரை தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். 15 மில்லிமீட்டர் இருந்தால் சரி. பென்சில் ஒன்று 7 மில்லிமீட்டர், அதனால் இரண்டைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். வலது காலில் பென்சில்கள் இறங்கின, கொஞ்சம் ஆடின. இடது காலில் இறுக்கமாக இறங்கின. அளவு சரி. பழைய பூட்ஸில் மூன்று பென்சில் போகும்.

அப்புறம் லைனரோடு போட்டேன். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் தொடுகிறது, முட்டியை மடக்கினால் விலகுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கிள் போட்டு இருபது நிமிஷம் நின்றேன். வலது கால் ஒன்றும் சொல்லவில்லை. இடது காலில் ஏழாவது நிமிஷமே, பிளேட்டின் கீழ் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு வலி. இருபதாவது நிமிஷத்தில் அது பட்டாணி அளவு.

தம்பி, "அக்கா, மாத்திரலாமா?" என்றான். எங்கே மாற்ற? நாலு மணிநேரத்தில் அவனுக்கு மதுரை விமானம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குக்கரில்தான் பொங்கியது. குல்மார்க்கில் இன்னும் புல்.

ஜனவரி 17, புதன்

பட்டாணி, பட்டாணி, பட்டாணி. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதுகூட மேஜைக்கு அடியில் கை அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

ஜனவரி 20, சனி

லைனரைச் சூடாக்கிக் காலுக்கேற்றபடி படிய வைக்கலாம். அந்த நுரை சூட்டில் இளகும், ஆறும்போது எந்த வடிவில் இருந்ததோ அதிலேயே நிற்கும். கடைகளில் அதற்கென்று சூட்டுக்காற்று அடுப்பு உண்டு. இங்கே இல்லை. அடுப்பு இல்லாதவர்களுக்கு அரிசி இருக்கிறது: நீளமான பருத்திச் சாக்ஸில் அரிசியை நிரப்பி முடிச்சிட்டு, மைக்ரோவேவில் சுட வைத்து, லைனருக்குள் திணித்துக் காத்திருக்க வேண்டும்.

அம்மா அரிசி டப்பாவுக்குக் குறுக்கே நின்றாள். "ஏட்டி, அரிசிய ஏன் சாக்ஸுக்குள்ள போடுத?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இட்லி அரிசியை எடுக்கவிடாமல் ரேஷன் அரிசி மாதிரி மலிவாக ஒன்றை அடுக்கின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கணுக்காலில், ஸ்க்ரூ இருக்கும் இடத்தில், ரூபாய் நாணயம் அளவு நுரைத்துண்டை ஒட்டி, விரல்களுக்கு ஒரு பழைய சாக்ஸின் நுனியை வெட்டித் தொப்பியாகப் போட்டு, மேலே மெல்லிய சாக்ஸ். சூடான லைனருக்குள் காலை நுழைத்து, ஷெல்லுக்குள் இறக்கி, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி உட்கார வைத்து, பக்கிளை இலேசாகப் போட்டு, முன்விரல்களுக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துப் பத்து நிமிஷம் அசையாமல் நின்றேன். வீடு முழுக்க வறுத்த அரிசி வாசனை. கூடத்தில் நான் நிற்பதை அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறிய பிறகு மறுபடி போட்டேன். பட்டாணி அரிசி மணியாகிவிட்டது. இருக்கிறது, ஆனால் சின்னது.

ஜனவரி 21, ஞாயிறு

தூங்கவில்லை. அரிசி மணி அளவு வலி ஆறு மணிநேரத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். மலை மந்திரில் கூட்டம். சாமிநாதனை நின்று பார்த்ததைவிட வெறுங்காலோடு படி ஏறியதுதான் மனசில் நிற்கிறது. பளிங்கு குளிர்ந்து கிடந்தது. இடது கால் எந்தப் படியிலும் தயங்கவில்லை.

ஜனவரி 27, சனி

செயற்கைக்கால், காலிபர் எல்லாம் செய்கிற பட்டறைக்குப் போனேன். ஜூலையில் எனக்குப் பிளாஸ்டிக் அச்சு செய்துகொடுத்த அதே பெரியவர். ஷெல் எந்த இடத்தில் இடிக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டும். அதற்காக வீட்டிலேயே அம்மாவின் சாந்துப்பொட்டைக் கணுக்கால் புடைப்பில் தொட்டுவைத்து, லைனர் இல்லாமல் ஷெல்லுக்குள் காலை அழுத்தி எடுத்திருந்தேன். உள்சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தது.

அவர் விரலால் புள்ளியைத் தடவிப் பார்த்தார். ஷெல்லை நகத்தால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "நம்ம சாமான் இல்ல இது, இன்னும் கெட்டி" என்று ஹிந்தியில் சொன்னார். சூட்டுத் துப்பாக்கியை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து ஒரு மர உருண்டையை வைத்துக் கிளாம்ப்பால் திருகினார். கால்வாசித் திருப்பு, நிறுத்தம், மறுபடி கால்வாசித் திருப்பு. பிறகு ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஆறும்வரை தொடாதே என்று டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் வெளியே தள்ளியிருக்கிறது. விரலுக்குத் தெரிகிறது.

பணம் வாங்கவில்லை. "நடந்து வந்து காட்டு, போதும்."

ஜனவரி 28, ஞாயிறு

பூட்ஸோடு ஒரு மணிநேரம் பத்து நிமிஷம். வலி இல்லை!

ஜனவரி 30, செவ்வாய்

சில்லாய் கலானின் 40 நாளும் தீர்ந்தன. காஷ்மீரின் கடுங்குளிர்காலம் அது, பனி கொட்ட வேண்டிய காலம். மேற்கிலிருந்து, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வருகிற மேகம்தான் அங்கே பனியாகவும் இங்கே மழையாகவும் விழும். அங்கே இல்லையென்றால் இங்கேயும் இல்லை. அதனால் நான் டெல்லி வானத்தைப் பார்த்தே குல்மார்க்கைத் தெரிந்துகொள்கிறேன்.

ஜனவரி 31, புதன்

மழை. டெல்லியில் மழை. பால்கனியில் கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

குல்மார்க்கிலிருந்து கைடு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஜீப் தெரியவில்லை, ஜீப் வடிவத்தில் ஒரு பனிமேடு தெரிகிறது. 24ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங்கைப் பார்த்தேன். பழைய பூட்ஸின் அடிப்பாக நீளம் 297 மில்லிமீட்டர், புதியது 287. பின்பகுதியை முன்னால் நகர்த்த வேண்டும். முன்னால் இரண்டு ஊசி, பின்னால் இரண்டு ஊசி, பூட்ஸின் உலோகக் குழிகளில் அவை உட்காரும்; ஏறும்போது குதிகால் எழும்பும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஸ் பார்த்தெல் என்ற ஆஸ்திரியக்காரர் 1980களில் யோசித்தது. இவ்வளவு சின்ன இரும்பில் என் எடை முழுவதும் நிற்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் வியக்கிறேன்.

ஸ்கீ பழையதுதான்: 164 சென்டிமீட்டர், காலுக்கடியில் 95 மில்லிமீட்டர். குல்மார்க் பனிக்கு 105, 110 வேண்டும் என்பார்கள். அகலமானது மிதக்கும், உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும்போது அகலம் கணுக்காலைத் திருகும். என் கணுக்காலுக்கு 95 போதும். ஏறும்போது பின்னால் சரியாமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற ஸ்கின் மட்டும் புதுசு, மொஹேர் என்கிற ஆட்டுமுடியும் நைலானும் கலந்தது. மொஹேர் வழுக்கும், நைலான் பிடிக்கும்.

பிப்ரவரி 10, சனி

மாமியின் பேரன் என் இன்னொரு பீக்கனை, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவுகிற சமிக்ஞைக் கருவியை, டிபன் டப்பாவுக்குள் போட்டு, ஆர்.கே.புரம் பூங்காவில் சருகுக்கு அடியில் ஒளித்துவைத்தான். முதல் தடவை ஏழு நிமிஷம். கையிலிருக்கும் பீக்கனின் அம்புக்குறி நேர்கோட்டில் கூட்டிப்போகாது, வளைத்துக் கூட்டிப்போகும். அதை எதிர்த்து நான் குறுக்கே நடந்ததுதான் தப்பு. மூன்று மீட்டருக்குள் வந்ததும் தரையோடு தரையாகக் குனிந்து, மெதுவாக, சிலுவை போட்டுத் தேட வேண்டும். ஐந்தாவது தடவை 3 நிமிஷம் 40 விநாடி. போனை அரை மீட்டர் தள்ளி வைத்த பிறகுதான் எண் நிலையாக நின்றது.

புதைந்தவருக்குப் பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு உயிர் தங்குவது வேகமாகக் குறைகிறது. தோண்டுகிற நேரமும் அதற்குள்தான்.

பையன், "ஆன்ட்டி, நான் உள்ள படுத்துக்கவா?" என்றான். வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பயந்துவிட்டான்.

பிப்ரவரி 14, புதன்

கைடு போன். "தீதி, மேலே நல்லா இருக்கு, கீழே நல்லா இல்லை." குழி வெட்டிப் பார்த்திருக்கிறார். டிசம்பரில் விழுந்த கொஞ்சப் பனி ஜனவரி முழுக்கத் தனியாகக் கிடந்தது. அடியில் தரை சூடு, மேலே காற்று கடுங்குளிர், நடுவில் மெல்லிய பனி. ஆவி கீழிருந்து மேலே ஏறி ஏறி மணிகளின் ஒட்டுதலை அழித்துவிடும். கையில் அள்ளினால் சீனி மாதிரி உதிர்கிறதாம். அந்தச் சீனியின்மேல் இப்போது பிப்ரவரிப் பனி உட்கார்ந்திருக்கிறது.

பனிக்காக நாற்பது நாள் காத்திருந்தேன். அந்த நாற்பது நாள்தான் கீழே சீனியாகக் கிடக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

அங்கே பெரும்பனி. இங்கே தூறல். இடது கால் ஜோராக இருக்கிறது, இரண்டரை மணிநேரம்.

பிப்ரவரி 22, வியாழன்

மதியம் குல்மார்க்கில் பனிச்சரிவு. ஒரு ரஷ்யர் இறந்துவிட்டார். மற்றவர்களை மீட்டிருக்கிறார்கள். அம்மா டிவியில் பார்த்துவிட்டாள். நான் ஆபீஸிலிருந்து வரும்வரை என்னைக் கூப்பிடவில்லை. போன வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி குல்மார்க்குக்கு மேலே இருக்கும் அபர்வத் மலையில் பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்த செய்தித்தாளை அவள் பீரோவில் புடவைக்கடியில் வைத்திருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கைடுக்கு நான்தான் போன் செய்தேன். அவர் ஆட்கள் எல்லாரும் நலம். காட்டுக்குள், பாபா ரேஷி பக்கம் மட்டும், மேலே செங்குத்துச் சரிவு எதுவும் தொங்காத இடமாக, 25 டிகிரிக்கு மேல் எதிலும் கால் வைக்கக்கூடாது என்றேன். பனிச்சரிவு பெரும்பாலும் 30க்கும் 45க்கும் நடுவில்தான் உடைகிறது. அவர், "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன்" என்றார். கோண்டோலாவில், அதாவது கேபிள் காரில், மேலே போகமாட்டோம். உச்சி வேண்டாம்.

அம்மாவிடம் டிகிரியைச் சொன்னால் புரியாது என்று தட்டை எடுத்துச் சாய்த்துக் காட்டினேன். இவ்வளவு சாய்ந்தால் உடையும், நான் போவது இவ்வளவு. அவள் தட்டை வாங்கி இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். "இவ்ளோதான் போணும்."

பிப்ரவரி 23, வெள்ளி

பீக்கன் பேட்டரி 98. பூட்ஸ் கைப்பையில், சரக்கில் போடமாட்டேன். அம்மா மூன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறாள்.