1972 செவர்லே சி10: ஐந்து அங்குலம் தாழ்த்தும்போது எதெல்லாம் இடம் மாறும்

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பைத் தாழ்த்துவது அமெரிக்காவில் வீட்டு கேரேஜிலேயே நடக்கிற வேலை. பாகங்கள் பெட்டியில் வந்துவிடும். பெரும்பாலானவற்றுக்கு வெல்டிங் வேண்டாம், போல்ட்டு போட்டாலே போதும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாள் அந்த ஒரு பாகத்தைப் பற்றித்தான் பேசும். ஸ்பிரிங்கை நான்கு அங்குலம் குறைத்தால் பின் ஆக்ஸிலின் மூக்கு (ஷாஃப்ட் சேரும் பினியன் பக்கம்) எங்கே பார்க்கும், ஆக்ஸில் எந்தப் பக்கம் நகரும், ஷாக் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதை எந்தத் தாளும் சேர்த்துச் சொல்வதில்லை. நேரம் போவதெல்லாம் அங்கேதான்.

வண்டி 1972 மாடல், குட்டை பெட் (பின் சரக்குத் தொட்டி), 115 அங்குல வீல்பேஸ். சேசிஸ் வரை பிரித்துச் சுத்தம் செய்து திரும்பக் கட்டியது. முன்னால் இரண்டரை அங்குல டிராப் ஸ்பிண்டிலும் (வீல் மாட்டும் தண்டு மேலே தூக்கி அமைந்த பாகம்) ஒரு அங்குலம் குட்டையான காயில் ஸ்பிரிங்கும். பின்னால் நான்கு அங்குலம் குட்டையான காயிலும் ஒரு அங்குல பிளாக்கும் (ஆக்ஸிலுக்கு அடியில் வைக்கும் கட்டை). ஆக முன் மூன்றரை, பின் ஐந்து. இந்த வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே பின்பக்கம் தூக்கலாக நிற்கும், அதனால்தான் பின்னால் கூடுதல்.

வாங்குமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது ஆண்டு. 1971-ல்தான் முன் டிஸ்க் பிரேக்கும் ஐந்து போல்ட்டு வீலும் (5 அங்குல வட்டம்) வந்தன. கடையில் கிடைக்கும் டிராப் ஸ்பிண்டில் பெரும்பாலும் இந்த டிஸ்க் அமைப்புக்கு, ஒன்றேகால் அங்குலத் தடிமன் ரோட்டருக்குச் செய்தது. 1970 வரை வந்த டிரம் வண்டி என்றால் பால் ஜாயின்ட் (ஸ்பிண்டிலை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை) எல்லாவற்றின் டேப்பரையும் (கூம்பாகச் சரியும் வடிவம்) ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது எஞ்சின். பின் ஸ்பிரிங் எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்கலாம், முன் ஸ்பிரிங் அப்படியல்ல. ஆறு சிலிண்டர் வண்டியின் ஸ்பிரிங்கை பிக் பிளாக் (பெரிய வி8) எஞ்சினுக்குக் கீழே வைத்தால் கேட்டதைவிடத் தாழ்ந்துவிடும். தலைகீழாகச் செய்தால், காசு கொடுத்துத் தாழ்த்திய வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும்.

சேசிஸ் வெறுமனே இருக்கும்போதே மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துவிடுங்கள். இரண்டு குறுக்களவுக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சஸ்பென்ஷன் வேலையை அங்கேயே நிறுத்தி, முதலில் சேசிஸை நிமிர்த்த வேண்டும். வளைந்த சேசிஸில் அலைன்மென்ட் எடுக்க முடியாது, ஷிம்தான் (கோணம் சரிசெய்ய வைக்கும் தகடு) செலவாகும். பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது போல்ட்டு இறுகும் முகங்களையும் பால் ஜாயின்ட் இறங்கும் துளைகளையும் மூடிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பூச்சு தடிமனானது. போல்ட்டின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், டார்க் (குறித்த இறுக்கு அளவு) வைத்து இறுக்கிய நட்டு சில நாளில் தளர்ந்திருக்கும்.

முன் பக்கம். பழைய மேல் பால் ஜாயின்ட் ரிவெட்டில் இருக்கும். ரிவெட் தலையை கிரைண்டரில் சீவி, நடுவில் துளை போட்டு, பஞ்ச் வைத்துத் தட்டினால் விழும். புதியது போல்ட்டோடு வரும். கீழ் பால் ஜாயின்ட் பிரஸ் வைத்து ஏற்றுவது. சுத்தியலால் அடித்து ஏற்ற ஆசை வரும், வேண்டாம். சற்றே கோணலாக ஏறினாலும் கன்ட்ரோல் ஆர்மின் (ஸ்பிண்டிலைச் சேசிஸோடு பிடிக்கும் கை) துளை நீள்வட்டமாகிவிடும், அப்புறம் எந்த ஜாயின்ட்டும் அதில் நிற்காது.

டிராப் ஸ்பிண்டிலின் நல்ல குணம் ஒன்று உண்டு. வீல் மாட்டும் தண்டை மட்டும் இரண்டரை அங்குலம் மேலே வைத்திருப்பதால் கன்ட்ரோல் ஆர்மின் கோணமும் ஸ்பிரிங்கின் பயண தூரமும் அப்படியே இருக்கும். அதனால் முன் பக்கத்தைத் தாழ்த்த முதல் தேர்வு ஸ்பிண்டில்தான், மிச்சத்துக்குத்தான் ஸ்பிரிங். ஸ்பிரிங் மட்டும் வைத்து மூன்றரை அங்குலம் இறக்கினால் பம்ப் ஸ்டாப்பில் (பயணம் முடியும் இடத்தில் முட்டும் ரப்பர்) உட்கார்ந்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும். கேஸ் கட்டிங் வைத்து ஸ்பிரிங்கைச் சூடாக்கி இறக்குவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. கம்பியின் பதம் போய்விடும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கவும் இறங்காது.

ஸ்பிண்டிலை மாட்டும்போது பால் ஜாயின்ட் ஸ்டட்டை வெறும் கையால் துளைக்குள் தள்ளிப் பாருங்கள். டேப்பர் சரியாக இருந்தால் ஆட்டமில்லாமல் கவ்வும். மார்க்கரால் ஸ்டட்டில் கோடு போட்டு, உள்ளே வைத்து ஒரு திருப்பு திருப்பி எடுத்தால் மை சுற்றிலும் சமமாக அழிந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அது வேறு ஆண்டின் டேப்பர். நட்டு இறுகிய பிறகு காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசி) துளை நட்டின் வெட்டுக்கு மேலே போய் நின்றாலும் அதே சந்தேகம்தான், ஸ்டட் தேவைக்கு அதிகமாக உள்ளே போயிருக்கிறது. வாஷர் போட்டுச் சமாளிக்கக் கூடாது. சரியான ஜோடியாக இருந்து துளை மட்டும் நேர்படவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னே இறுக்கித்தான் பின்னைப் போட வேண்டும், பின்னுக்குத் தளர்த்தி அல்ல.

வீல் பேரிங்குக்கு வீலைச் சுற்றிக்கொண்டே 12 அடி-பவுண்டு வரை இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் இறுக்கி, காட்டர் பின் போட வேண்டும். ஆட்டம் 0.001 முதல் 0.005 அங்குலத்துக்குள் நிற்கணும்.

இனி மறுகட்டுமான வேலைக்கே உரிய ஒரு சிக்கல். முழு வண்டியில் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்துத் தூக்கினால் எஞ்சின் எடையே ஸ்பிரிங்கை அமுக்கிக் கொடுக்கும். வெறும் சேசிஸில் அமுக்க எடை கிடையாது. ஜாக் தூக்கத் தூக்க சேசிஸ்தான் ஸ்டாண்டை விட்டு எழும்பும். இந்த நிலையில் சேசிஸின் மேல் ஆளை உட்கார வைத்துச் செய்வதும் கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்து. அமுங்கிய முன் காயில் விடுபட்டால் எதிரில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். உள்ளே நுழைத்துத் திருகும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்து ஏற்றலாம். இல்லையென்றால் ஸ்பிரிங் இல்லாமலே ஆர்ம்களைக் கட்டி, எஞ்சினும் கியர் பாக்ஸும் இறங்கிய பிறகு ஸ்பிரிங்கை ஏற்றலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் சொல்வோம். எது செய்தாலும் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலியை ஓட்டி சேசிஸோடு கட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பிரிங்கின் வால் முனை கீழ் ஆர்மின் குழிவில் சரியாக முட்டி நிற்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். அது முட்டாமல் பாதியில் நின்றால் அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும், ஸ்பிரிங் குறைபாடு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டி வரும்.

பின் பக்கம்தான் இந்த வண்டியின் தனித்துவம். பட்டை ஸ்பிரிங் இல்லை, நீளமான இரண்டு டிரெய்லிங் ஆர்ம். முன் முனை சேசிஸின் குறுக்குச் சட்டத்தில், பின் முனைக்கு மேலே ஆக்ஸில் யூ போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். இதே அமைப்பை எடுத்துக்கொண்டுதான் நாஸ்கார் கப் பந்தயக் கார்கள் 2021 வரை ஓடின. அங்கே இதற்குப் பெயரே டிரக் ஆர்ம். ஆர்ம்கள் இரண்டும் முன்னால் போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது அவை முறுக்கிக்கொண்டாக வேண்டும். இரண்டு சி வடிவத் தகடுகளை முதுகோடு முதுகு சேர்த்துச் செய்ததால் அந்த முறுக்குக்கு இடம் கொடுக்கின்றன. பலம் கூட்டுகிறேன் என்று அவற்றைப் பெட்டி போல மூடி வெல்டு வைத்தால் முறுக்கும் வேலை முழுவதும் முன் புஷ்ஷின் தலையில் விழும், வளைவில் வண்டி திமிறும். முன் புஷ்ஷுக்கு பாலியூரித்தேன் போடுவதையும் இதே காரணத்தால் தவிர்ப்பது நல்லது. அந்த இடத்துக்கு நல்ல ரப்பர் புஷ்தான்.

ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில், முழு எடையோடு நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளி சீக்கிரம் கிழியும், உயரமும் பொய்யாகக் காட்டும்.

ஆக்ஸிலின் மூக்குக் கோணத்துக்கு வருவோம். ஆர்ம் ஏறக்குறைய 48 அங்குலம் என்று வையுங்கள். குட்டை ஸ்பிரிங்கால் பின் முனை நான்கு அங்குலம் ஏறினால் ஆர்ம் ஏறத்தாழ 5 டிகிரி திரும்பும். ஆக்ஸில் ஆர்மோடு இறுகியிருப்பதால் பினியனும் அதே 5 டிகிரி கீழ் நோக்கும். ஒரு அங்குல பிளாக்கால் இந்த மாற்றம் வராது, அது ஆர்முக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் உட்கார்வதால் ஆர்மின் கோணத்தைத் தொடுவதில்லை. சரிசெய்ய ஆப்பு வடிவ ஷிம் அல்லது கோணம் வைத்தே வரும் பிளாக். கியர் பாக்ஸின் பின் முகத்தில் டிஜிட்டல் கோணமானியை வைத்து அது எத்தனை டிகிரி கீழே சரிகிறது என்று பாருங்கள். 3 என்றால் பினியன் 3 மேலே பார்க்க வேண்டும். ஒரே ஷாஃப்ட் இருக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு. நடு பேரிங்கோடு இரண்டு துண்டு ஷாஃப்ட் இருந்தால் ஒவ்வொரு ஜாயின்ட்டின் கோணத்தையும் தனியாக எடுத்து, பேரிங்கின் உயரத்தையும் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். மணிக்கு 60 மைல் வேகத்துக்கு மேல் சீட்டுக்கு அடியில் அதிர்வு என்று வரும் புகார்களில் வீல் பேலன்ஸை விட்டால் அடுத்து பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது பன்ஹார்ட் ராட். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி. கம்பெனி கொடுத்தது குட்டை. கணக்குக்கு 20 அங்குலம் என்று கொள்ளுங்கள். மட்டமாக இருந்த கம்பியின் ஒரு முனை ஐந்து அங்குலம் ஏறினால் அதன் கிடைநீளம் 19.36 ஆகும். அதாவது ஆக்ஸில் 0.64 அங்குலம் ஒரு பக்கம் இழுக்கப்படும். அகலமான டயர் போட்ட வண்டியில் ஒரு பக்கம் டயர் பெட்டின் உள் சுவரை உரசுவதும் மறுபக்கம் கை நுழையும் இடைவெளி இருப்பதும் இதனால்தான். அதே கம்பி 36 அங்குலம் என்றால் நகர்வு 0.35 மட்டுமே. நீளமான, இரண்டு முனையிலும் திருகி நீளம் மாற்றக்கூடிய கம்பியையும், அது ஓடும் உயரத்தில் மட்டமாக நிற்கும்படி சேசிஸ் பக்கம் தூக்கி வைத்த பிராக்கெட்டையும் சேர்த்து வாங்குங்கள். தாழ்த்தும் செட்டில் இதைச் சேர்க்காமல் விலையைக் குறைத்துக் காட்டும் கடைகள் உண்டு. எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஐந்து அங்குலம் இறங்கும்போது ஆக்ஸில் குழாய்க்கும் சேசிஸ் அடிக்கும் இடையில் மிச்சம் இருப்பது போதாது, சி-நாட்ச் (ஆக்ஸில் ஏற இடம் விட்டுச் சேசிஸின் அடியில் போடும் வெட்டு) வெட்டியாக வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை ஓடும் உயரத்துக்கு ஜாக்கில் நிறுத்தி, அதன் மையத்தைச் சேசிஸில் குறித்துக்கொள்ளுங்கள். தொங்கும் நிலையில் குறித்தால் வெட்டு இடம் மாறிப் போகும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பின் விளக்கு வயர் மூன்றையும் அவிழ்த்து ஒதுக்கிய பிறகுதான் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும். வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டாண்டு. ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டுக்குப் பலம் தரும் தகட்டைப் போட்டு முழுவதும் இறுக்கிவிட்டுத்தான் மறுபக்கம். மூலைகளில் முதலில் துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்டினால் மூலை வட்டமாக நிற்கும். கூர் மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கிரேடு 8 (உயர் பலம்) போல்ட்டு, இறுகிப் போகும் அளவுத் துளை. துளையை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு வேலையைச் சுலபமாக்கினால் தகடு நாளடைவில் அசையும். வெட்டிய விளிம்பில் பிரைமர் அடிக்காமல் மூடினால் துரு உள்ளே வேலை செய்யும்.

ஷாக்கைக் கடைசியில் தேர்வு செய்வது நல்லது. ஆக்ஸிலை பம்ப் ஸ்டாப் முட்டும் வரை தூக்கி, மேல் கீழ் மவுன்ட்டுக்கு இடையே அளவெடுங்கள். ஷாக்கின் அமுங்கிய நீளம் அதைவிட ஒரு அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். பழைய ஷாக்கையே போட்டால் பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் தொடும் முன் ஷாக் முட்டி, அதன் மவுன்ட் கிழியும். விரிந்த நீளமும் முக்கியம். குட்டை ஸ்பிரிங் என்பதால் வண்டியைத் தூக்கும்போது ஆக்ஸில் அளவுக்கு மீறித் தொங்கினால் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவப் பார்க்கும். மேலும் கீழும் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கிளாம்ப்களை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பிரேக் ஹோஸையும் அதே தொங்கும் நிலையில் பாருங்கள். முன்னால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் டயரைத் தொடுகிறதா என்றும், டை ராட் எண்ட் ரிம்முக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். டிராப் ஸ்பிண்டிலில் ரிம் மேலேறுவதால் 15 அங்குல வீலில் இந்த இடைவெளி மிகக் குறுகும்.

அலைன்மென்ட் எடுப்பவரிடம் பழைய புத்தக அளவைக் கொடுக்காதீர்கள். அது அந்தக் கால டயருக்கானது. இப்போதைய ரேடியல் டயரில் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) பாசிட்டிவ் 4 டிகிரி, கேம்பர் (வீலின் உள்வெளிச் சாய்வு) நெகட்டிவ் அரை டிகிரி, டோ-இன் (வீல்களின் முன் ஓரங்கள் உள்நோக்கும் அளவு) பதினாறில் ஒரு அங்குலம் என்று தொடங்கினால் நெடுஞ்சாலையில் நேராகப் போகும். பழைய மேல் ஆர்மில் ஷிம் மட்டும் வைத்து அவ்வளவு காஸ்டர் கிடைப்பது அரிது. அதற்காகவே சில கம்பெனிகள் காஸ்டரை உள்ளே வைத்தே குழாய் ஆர்ம்களைச் செய்கின்றன, முன் பக்கத்தில் கூடுதல் பணம் போடுவதென்றால் அதில் போடலாம். பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டிலும் எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதி வைத்தால் கடை வரை ஓட்டிப் போக ஓரளவு சரியான நிலை கிடைக்கும்.

முதல் நூறு மைல் ஓடியதும் ஆக்ஸில் யூ போல்ட்டு, பன்ஹார்ட் ராட் லாக் நட்டு, நாட்ச் போல்ட்டு, கீழ் ஆர்மைப் பிடிக்கும் யூ போல்ட்டு எல்லாவற்றுக்கும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். அளவுகளை அந்த ஆண்டுக்கான ஷாப் மேனுவலிலிருந்தும் செட்டோடு வந்த தாளிலிருந்தும் எடுங்கள். 1973 முதல் வந்த வண்டியின் அட்டவணையைப் பார்த்து இறுக்கக் கூடாது. ஸ்பிரிங்குகள் அதற்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து கொண்டு அலைன்மென்ட்டை அப்போது ஒருமுறை சரிபார்த்து, ஹெட்லைட்டின் மட்டத்தையும் சேர்த்துச் சீர் செய்துவிடுங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் இறங்கியதால் விளக்கு மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.